நாலு பாத்தி, 365 நாள்

ஒரு கத்தரிச் செடிக்கு ஏறத்தாழ நாலு சதுர அடி மண் வேண்டும். அந்த இடத்தை அது ஐந்து மாதம் விடாமல் பிடித்துக்கொள்ளும். முள்ளங்கிக்கு மூன்றில் ஒரு சதுர அடி போதும். 45 நாளில் காலி செய்துவிடும். இடத்தையும் நாளையும் பெருக்கிப் பார்த்தால் கத்தரிக்கு 600, முள்ளங்கிக்கு 15. ‘சதுர அடி நாள்’ என்று இந்த அளவுக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். செடிக்குச் செடி எவ்வளவு இடம் விடுவது, எந்தப் பாத்தியில் எதற்குப் பின் எதை நடுவது என்ற இரு கேள்விகளையும் தோட்டக்கலைப் புத்தகங்கள் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துவிடுகின்றன. பெரிய வயலுக்கு அது சரி. ஒரு சென்ட் தோட்டத்தில் இரண்டும் ஒரே கணக்கு.

ஏலகிரி மலையடிவாரத்தில் இருக்கும் ஜோலார்பேட்டையை எடுத்துக்கொள்ளலாம். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் இது திருப்பத்தூர் மாவட்டத்து ஊர். செம்மண், பல இடங்களில் ஆழம் குறைவு, கீழே சரளை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கும்; சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தொடும். வட ஆற்காட்டுப் பேச்சில் கொல்லை என்றால் புன்செய் நிலம். அதில் நிலக்கடலையும் கேழ்வரகும் விளையும். வீட்டுக்குப் பின்னால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு சென்ட்டுக்குள்தான், அதாவது 435 சதுர அடி.

18 அடிக்கு 24 அடி என்று அந்த ஒரு சென்ட் அமைந்தால், 4 அடி அகலம், 12 அடி நீளத்தில் நாலு பாத்திகளை அருகருகே போட முடியும். இடையிலும் ஓரங்களிலும் ஒன்றரை அடி நடைபாதை. பாத்திகளின் இரண்டு முனையிலும் மூன்று மூன்று அடி மிஞ்சும்; அதில் ஒரு முனையில் பந்தல் காய்கள். பாத்தி நாலு அடிக்கு மேல் அகலக் கூடாது என்பதற்குக் காரணம் கை நீளம்தான். இரு பக்கமிருந்தும் இரண்டு அடி எட்டினால் நடுப்பகுதிவரை களை எடுக்கலாம், மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. மிதிபடாத செம்மண் மழைக்குப் பின் பொலபொலவென்று இருக்கும். மிதிபட்டது காய்ந்ததும் ஓடுபோல் இறுகிவிடும்.

நாலு பாத்தியும் சேர்ந்து 192 சதுர அடி. வருடத்துக்கு 70,080 சதுர அடி நாள். வரவு இவ்வளவுதான்; இதற்குள் செலவு செய்ய வேண்டும். ஒரு பாத்தியில் 12 கத்தரி நட்டால் 7,200 போய்விடும். அந்தப் பாத்தியின் ஆண்டு வரவான 17,520இல் அது ஐந்தில் இரண்டு பங்கு. நாற்றங்கால் எதற்கு என்பதும் இந்தக் கணக்கில் விளங்கும். கத்தரி விதையை நேரே பாத்தியில் ஊன்றினால் முதல் 30 நாள் 48 சதுர அடியும் விரல் உயரச் செடிகளுக்காகக் காத்துக் கிடக்கும்: 1,440 சதுர அடி நாள் வீண். இரண்டு சதுர அடி நாற்றங்காலில் அதே 30 நாளுக்கு ஆகும் செலவு 60. மிச்சமாகும் இடத்தில் ஒரு தடவை சிறுகீரை அறுத்துவிடலாம்.

தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படும் இடைவெளிகள் பழக்கமானவை: கத்தரி 60க்கு 60 சென்டிமீட்டர், தக்காளி 60க்கு 45, வெண்டை 45க்கு 30, கொத்தவரை 45க்கு 15, முள்ளங்கி 30க்கு 10. இரண்டு எண்ணில் பெரியது வரிசைக்கு வரிசை, சிறியது செடிக்குச் செடி. வரிசை இடைவெளி பெரிதாக இருப்பதற்குச் செடியின் தேவை பாதிக் காரணம்தான். மீதி, வாய்க்கால் ஓடவும், களைக்கொத்தி நுழையவும், ஆள் நடக்கவும் விடப்பட்ட இடம். பாத்திக்குள் யாரும் நடக்காத வீட்டுத் தோட்டத்தில் அந்த நீள்சதுரத்தைச் சதுரமாக்கிவிடலாம். தக்காளிக்கு 60ஐயும் 45ஐயும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 52. எல்லாத் திசையிலும் 52 சென்டிமீட்டர். வெண்டைக்கு அதே வழியில் 37. செடிக்குக் கிடைக்கும் பரப்பு மாறவில்லை, ஆனால் வேரும் இலையும் நாலு பக்கமும் சமமாகப் பரவுகின்றன. அடுத்தடுத்த வரிசைகளை மாற்றி மாற்றி, முக்கோணமாக நட்டால் அதே இடைவெளியில் 15 சதவீதம் கூடுதல் செடிகள் கொள்ளும். பெரிய பரப்புக்குத்தான் இந்த 15 சதவீதம் முழுதாகக் கிடைக்கும். நாலடிப் பாத்தியில் ஓரங்கள் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

நெருக்கி நட்டால் விளைச்சல் கூடுமா? 1950களில் ஜப்பானிய ஆய்வாளர் கிராவும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்குத் தெளிவான விடை கண்டார்கள். ஒரு சதுர மீட்டரில் செடிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால், மொத்தத் தாவர எடை ஓர் அளவுவரை ஏறும். அதற்கு மேல் எத்தனை செடி வைத்தாலும் ஏறாது. வெயிலும் நீரும் சத்தும் அவ்வளவுதான். ஐம்பது செடி இருந்தாலும் நூறு இருந்தாலும் அதே எடையைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். ஆக, அந்த அளவைத் தாண்டியபின் இடைவெளி தீர்மானிப்பது மொத்த எடையை அல்ல, ஒவ்வொரு செடியின் பருமனை. முளைக்கீரையை நெருக்கமாகத் தூவுவதில் தவறில்லை. அங்கே வேண்டியது இலையும் இளந்தண்டும். முள்ளங்கியை அப்படித் தூவினால் இலை செழிக்கும், கிழங்கு பென்சில் தடிமனோடு நின்றுவிடும். காய்ச்செடிகளின் நிலை இன்னும் மோசம். நெருக்கத்தில் நின்ற கத்தரி, வெயிலைத் தேடி உயரமாக வளர்ந்து, எடையெல்லாம் தண்டில் போட்டுவிட்டுக் காய்க்கு ஒன்றும் வைக்காது. ஒற்றை நாற்றாக 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடும் திருந்திய நெல் சாகுபடியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆரம்பத்தில் வயல் வெறிச்சோடிக் கிடக்கும், பிறகு ஒவ்வொரு குத்தும் தூர் கட்டி இடத்தை நிரப்பிவிடும்.

நெருக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. ஐப்பசி மழையில் நனைந்த தக்காளி இலை எத்தனை மணி நேரத்தில் காய்கிறது என்பதைப் பொறுத்தே இலைக்கருகல் பூஞ்சைகள் பரவுகின்றன. ஓர் இலையின் மேல் அடுத்த செடியின் இலை படுத்துக் கிடந்தால் காலையில் பட்ட ஈரம் மதியம்வரை இருக்கும். மழைக்காலத் தக்காளிக்கு 52ஐ 60 ஆக்கிவிட்டு, கீழ் இலைகளைக் கிள்ளிக் குச்சி நட்டுக் கட்டுவது மருந்தடிப்பதைவிட மலிவான வழி.

செடிகள் சின்னதாக இருக்கும்போது இடைவெளி சும்மா கிடக்கிறதே என்று தோன்றலாம். அந்த வெற்றிடம் வாடகைக்கு விடத் தக்கது. கத்தரி நட்ட முதல் 40 நாளில் வரிசைகளுக்கு நடுவே முள்ளங்கியோ சிறுகீரையோ கொத்தமல்லியோ முளைத்து அறுவடையாகிவிடும். கத்தரி படர்வதற்குள் இடம் காலி. வீட்டுத் தோட்டத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் மாதிரித் திட்டம் 200 சதுர மீட்டருக்கானது, அதாவது சுமார் 5 சென்ட். அதிலும் முதல் பாத்தியில் தக்காளியோடு வெங்காயம், இன்னொன்றில் மிளகாயோடு முள்ளங்கி என்று இந்த இணைகள் வருகின்றன. முதல் பாத்தியின் ஆண்டு வரிசை தக்காளியும் வெங்காயமும், பிறகு முள்ளங்கி, பிறகு பீன்ஸ், கோடையில் வெண்டை. ஒரே வருடத்தில் ஐந்து தாவரக் குடும்பங்கள். அருகருகே நட்டால் ஒன்றுக்கொன்று ‘நட்பு’, ‘பகை’ என்று சுற்றும் நீண்ட பட்டியல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் மெலிது. வளரும் வேகமும் உயரமும் வேறுபடுகின்றனவா என்று பார்த்தாலே இணை சேர்க்கப் போதும்.

உயரத்தைப் பற்றிப் பேசும்போது சூரியனையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பந்தலையும் உயரச் செடிகளையும் வடக்கு ஓரத்தில் வை என்பது குளிர்நாட்டுப் புத்தகங்களின் விதி. அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கிலேயே நிற்கும். ஜோலார்பேட்டை 12.5 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, அதன்பின் வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தை ஒட்டித்தான் திரும்புகிறது. ஆனி, ஆடியில் நடுப்பகல் நிழல் தெற்கே விழும், ஆனால் குட்டை. ஆறடிப் பந்தலின் நிழல் ஜூன் மாதக் கடைசியில் ஓரடிக்குச் சற்று மேல். அதே பந்தல் டிசம்பர் கடைசியில் வடக்கே நாலேகால் அடிக்கு மேல் நிழல் போடும். எனவே பாகல், புடலைப் பந்தலுக்கு வடக்கு முனையே பொருத்தம். காரணம் மட்டும் குளிர்நாட்டில் சொல்வதல்ல: இங்கே கணக்கில் வருவது மார்கழி நிழல். மேற்கு ஓரத்தில் ஒரு முருங்கையோ அகத்தியோ நின்றால் அது பிற்பகல் வெயிலைத் தடுக்கும். மிளகாய்க்கும் கீரைக்கும் கோடையில் அது நன்மைதான். தக்காளியைப் பொறுத்தவரை பகலில் 35 டிகிரியைத் தாண்டி இரவும் 25க்குக் கீழே இறங்காதபோது பூ உதிரும். சித்திரையில் எந்த நிழலும் அதை முழுக்கக் காப்பாற்றாது. அந்த மாதத்தில் அதற்கு இடம் ஒதுக்காமலிருப்பதே கணக்கு.

பயிர்ச் சுழற்சிக்கு வருவோம். ஒரு பயிருக்கு வரும் மண்நோய் பெரும்பாலும் அதன் உறவினருக்கும் வரும் என்பதே இதன் அடிப்படை. எனவே பார்க்க வேண்டியது பயிரின் பெயரையல்ல, குடும்பத்தை. கத்தரி, தக்காளி, மிளகாய், மணத்தக்காளி, சுண்டை ஒரு குடும்பம். பாகல், புடலை, பீர்க்கு, சுரை, பூசணி, வெள்ளரி ஒன்று. அவரை, கொத்தவரை, காராமணி, பீன்ஸ் ஒன்று. முள்ளங்கியும் முட்டைக்கோஸும் நூல்கோலும் கடுகின் வீட்டுப் பிள்ளைகள். வெண்டைக்குப் பருத்தியும் புளிச்சக்கீரையும் பங்காளி. தண்டுக்கீரை, சிறுகீரை, பீட்ரூட், பாலக் எல்லாம் ஒரே குடும்பம் என்பதைப் பலர் எதிர்பார்க்க மாட்டார்கள். வெங்காயமும் பூண்டும் தனி. கொத்தமல்லியும் கேரட்டும் தனி.

இந்தப் பகுதியில் சுழற்சியைக் குலைக்கும் பயிர் எதுவென்றால் கத்தரிதான். ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் இல்லாமல் தட்டு வராது. வேலூருக்கு அருகே இலவம்பாடியின் முள் கத்தரி 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு பெற்றது. சந்தையில் கிடைக்கும் காயைவிட வீட்டுக் காய் ருசி என்ற நம்பிக்கையும் சேர்ந்து, நன்றாகக் காய்த்த பாத்தியிலேயே அடுத்த ஆடியிலும் கத்தரி. காய்ப்பு ஓய்ந்ததும் பிடுங்காமல் கவாத்து செய்து மறுபடி துளிர்க்க விடும் வழக்கமும் உண்டு. விதைச் செலவு மிச்சம். ஆனால் அந்தப் பாத்தியில் நோய்க்கிருமிக்கு ஒரு நாள்கூடப் பட்டினி இல்லை. மூன்றாம் வருடம், காலையில் நிமிர்ந்து நின்ற செடி மதிய வெயிலில் பச்சை மாறாமல் துவண்டு, மாலையில் கொஞ்சம் தேறி, நாலைந்து நாளில் ஒரேயடியாகச் சாய்கிறது.

இது ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற பாக்டீரியாவின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது தண்டின் நீர்க்குழாய்களுக்குள் பெருகி அடைத்துவிடும். வேர் நீர் எடுத்தாலும் இலைக்கு ஏறாது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சாய்ந்த செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி அசையாமல் பிடித்தால், சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் இழை மாதிரி வெள்ளைக் கோடு இறங்கும். பூஞ்சை வாடலில் இந்த இழை வராது. அதில் இலையும் முதலில் மஞ்சளாகும். பால் இறங்கினால் அந்தப் பாத்தியில் கத்தரி, தக்காளி, மிளகாய் எதையும் சில வருடங்களுக்கு நடக் கூடாது. செடியை மண்ணோடு தோண்டி அப்புறப்படுத்தி, வெட்டிய கத்தியையும் மண்வெட்டியையும் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த பாத்தியைத் தொட வேண்டும். சின்னத் தோட்டத்தில் கிருமி பயணம் செய்வது பெரும்பாலும் மண்வெட்டி, செருப்பு, பாய்ச்சல் நீர் ஆகியவற்றின் மேலேறித்தான்.

இங்கே ஒரு நெருடல் எழுகிறது. சுழற்சிக்கு உலகம் முழுக்கக் காட்டப்படும் பழைய உதாரணம் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நார்ஃபோக் முறை: டர்னிப், பார்லி, குளோவர், கோதுமை. நாலு வயல், நாலு பயிர்; பார்லியும் கோதுமையும் மட்டும் புல் குடும்பத்து உறவு, அவையும் அடுத்தடுத்து வருவதில்லை. தமிழ்ச் சமையலறையோ தக்காளி, மிளகாய், கத்தரி என்ற ஒரே குடும்பத்தின் தோளில் நிற்கிறது. வீட்டுக்கு வேண்டியதை எல்லாம் நடுவதென்றால் நாலில் இரண்டு பாத்தி எப்போதும் அந்தக் குடும்பத்துக்கே போய்விடும். மூன்று வருட ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. இதற்கு முழுத் தீர்வு கிடையாது, பாதித் தீர்வுகள் உண்டு. மூன்றையும் நாலு பாத்தியிலும் சிதற விடாமல், ஒரு பருவத்தில் ஒரே பாத்தியில் சேர்த்து அடைப்பது ஒன்று. மிளகாயைச் சாக்குப்பையிலோ தொட்டியிலோ வளர்த்து, மண்ணை வருடந்தோறும் மாற்றுவது இன்னொன்று. கத்தரி நாற்றைச் சுண்டைக்காய்ச் செடியின் மேல் ஒட்டுக் கட்டுவது மூன்றாவது. சுண்டையின் வேர் வாடல் நோயையும் வேர்முடிச்சு நூற்புழுவையும் ஓரளவு தாங்கும். ஒட்டுக்கட்டிய நாற்று இப்போது தமிழ்நாட்டு நாற்றங்கால்களில் கிடைக்கிறது. ஒட்டு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். புதைத்து நட்டால் கத்தரித் தண்டே வேர்விட்டு, கொடுத்த காசு வீணாகும்.

சுழற்சியால் முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். கத்தரியின் தண்டு, காய்த்துளைப்பான் ஓர் அந்துப்பூச்சி; அது பறக்கும். முதல் பாத்தியிலிருந்து நாலாம் பாத்திக்குக் கத்தரி மாறினால் அதற்கு 16 அடி தூரம் ஒரு தூரமே இல்லை. வெள்ளை ஈயும் அசுவினியும் அப்படித்தான். அவற்றுக்குத் துளைபட்ட நுனிகளைக் கிள்ளி எறிவது, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைச் சாறு போன்ற வேறு வழிகள். வேர்முடிச்சு நூற்புழுவோ பறக்காது, ஆனால் குடும்பம் பார்ப்பதில்லை. தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல், வெள்ளரி எல்லாவற்றின் வேரிலும் ஏறும். குடும்பம் மாற்றினாலும் அதற்கு விருந்து தொடர்கிறது. இதை முறிக்க இங்கே எளிதாகக் கிடைக்கும் செடி செண்டுமல்லி. அதன் வேரில் உருவாகும் ஆல்ஃபா டெர்தியனில் என்ற பொருள் நூற்புழுவுக்கு நஞ்சு. ஓரத்தில் நாலு செடி வைத்தால் பயனில்லை. பாத்தி முழுக்க நெருக்கமாக நட்டு இரண்டு மூன்று மாதம் நிறுத்த வேண்டும். பொங்கலுக்குப் பூவும் ஆகும்.

ஒவ்வொரு பயிரையும் பிடுங்கும்போது வேரைப் பார்ப்பது செலவில்லாத சோதனை. அவரைக் குடும்பத்து வேரிலும் முடிச்சுகள் இருக்கும், அவை நல்லவை. இரண்டையும் பிரித்தறிவது எளிது. நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரே வீங்கியது, தேய்த்தால் உதிராது.

அந்த இளஞ்சிவப்பு முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது என்பதை 1886இல் ஜெர்மானியர்கள் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவினார்கள். இரண்டு வருடம் கழித்து ஹாலந்தின் பெய்யரிங்க் அந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். கேழ்வரகுக்கு இடையே அவரையும் நிலக்கடலைக்கு இடையே துவரையும் சால் விட்டவர்களுக்கு விளைவு அதற்கு வெகு காலம் முன்பே தெரியும். ஆனால் ‘பயறு போட்டால் மண்ணுக்கு உரம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மை. பிடித்த நைட்ரஜனில் பெரும்பகுதி காயிலும் விதையிலும் போய்ச் சேர்ந்து சமையலறைக்கு வந்துவிடுகிறது. மண்ணுக்கு மிஞ்சுவது வேரும் தழையும் தருவதுதான். எனவே காராமணி ஓய்ந்ததும் பிடுங்காமல், தரைமட்டத்தில் அறுத்து வேரை மண்ணிலேயே விட்டு, தழையைப் பாத்தியிலேயே மூடாக்காகப் போட வேண்டும். அப்போதும் அடுத்த கத்தரிக்கு எரு தேவையில்லை என்றாகிவிடாது. ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் என்ற பரிந்துரையை ஒரு பாத்திக்கு இறக்கினால் 11 கிலோ, அதாவது இரண்டு சின்னக் கூடை.

இனி, தோல் பதனிடும் இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு கணக்கு: நீரில் கரைந்த உப்பு. நாலு பாத்திக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்றால் சுமார் 90 லிட்டர். 2019 ஜூலையில் சென்னையின் தாகத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் ரயிலேறியது. அதில் ஒரே ஒரு வேகன் இந்தத் தோட்டத்துக்கு ஒன்றரை வருடம் பாயும். அளவு பெரிய சிக்கல் இல்லை, சிக்கல் தரத்தில். பாலாற்றை ஒட்டிய வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கங்களில் தோல் தொழிற்சாலைக் கழிவு பல கிணறுகளை உப்பாக்கிவிட்டது. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடுவதும், பிறகு அந்த உப்பைக் கழுவுவதும் இதற்கு முக்கியக் காரணம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதைக் குறிப்பிடுகிறது. ஜோலார்பேட்டை பாலாற்றங்கரை ஊரல்ல. ஆனாலும் நீரைச் சோதித்துப் பார்க்காமல் பயிர்த் திட்டம் போடுவது குருட்டுக் கணக்கு. விரிஞ்சிபுரத்து வேளாண் அறிவியல் நிலையம்போன்ற இடங்களில் ஆலோசனை பெறலாம்.

லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள கிணற்று நீரை நாளுக்கு 90 லிட்டராக 200 நாள் பாய்ச்சினால் 192 சதுர அடியில் 36 கிலோ உப்பு இறங்கும். வீட்டு ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம்போலத் தோன்றும். அது வடிகட்டாத நீரைவிட உப்பு மிகுந்தது. செடிகள் உப்பைத் தாங்கும் திறன் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறும். மண்ணின் மின்கடத்து திறனை மீட்டருக்கு இத்தனை டெசிசீமன்ஸ் என்று அளந்தால், விளைச்சல் குறையத் தொடங்கும் எல்லை பீன்ஸுக்கு 1.0, வெங்காயத்துக்கும் முள்ளங்கிக்கும் 1.2, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5, பீட்ரூட்டுக்கு 4.0, காராமணிக்கு 4.9, கொத்தவரைக்கு 8.8. ஒரே அவரைக் குடும்பத்தில் பீன்ஸ் ஒரு கோடி, கொத்தவரை மறு கோடி. மண்ணுக்கு நைட்ரஜன் தர ஒரு பயறு வேண்டுமென்றால் உவர்நீர்த் தோட்டத்தில் பீன்ஸைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமே இல்லை.

மழை இந்த உப்பைக் கீழே கழுவி இறக்குகிறது. கோடைப் பாய்ச்சல் மறுபடி சேர்க்கிறது. எனவே உப்புத் தாங்காத வெங்காயமும் முள்ளங்கியும் மழை மாதங்களுக்கும் அதன் பின்னான வாரங்களுக்கும், தாங்கும் காராமணியும் கொத்தவரையும் வெயில் மாதங்களுக்கும் உரியவை. பார் பிடித்து நடுவதானால் உச்சியில் நடக் கூடாது. சாலில் ஓடும் நீர் இரு பக்கமிருந்தும் ஊறி மேலே ஏறும்போது உப்பையும் இழுத்துச் சென்று உச்சியில் வைத்துவிட்டு ஆவியாகிவிடும். பாரின் பக்கச் சரிவில், நீர் ஊறும் மட்டத்துக்குச் சற்று மேலே நட்ட செடி தப்பிக்கும். சின்ன வெங்காயத்தைப் பாரின் இரு சரிவிலும் ஊன்றும் வழக்கம் இதற்கு அழகாகப் பொருந்துகிறது. தோல் துணுக்கோ தொழிற்சாலைக் கசடோ கலந்த ‘இலவச எரு’ வந்தால் மறுத்துவிட வேண்டும். குரோமியம் மண்ணைவிட்டு எளிதில் போகாது.

இத்தனையும் சேர்த்து ஒரு பாத்தியின் நாலு வருடத்தை இப்படி ஓட்டலாம். முதல் வருடம் ஆடியில் கத்தரியும் தக்காளியும், நட்டதும் இடையே சிறுகீரை. தை பிறந்ததும் காராமணி. இரண்டாம் வருடம் ஆடியில் சின்ன வெங்காயம், ஐப்பசியில் முள்ளங்கியும் பீட்ரூட்டும், மாசியில் கொத்தவரை. மூன்றாம் வருடம் ஆடியில் வெண்டை, கார்த்திகையில் பாத்தி முழுக்கச் செண்டுமல்லி, பங்குனியில் தண்டுக்கீரை. வெண்டைக்குப் பின் செண்டுமல்லி வருவது தற்செயலல்ல. நூற்புழு இருந்தால் அதை முதலில் காட்டிக்கொடுப்பது வெண்டை வேர். நாலாம் வருடம் ஆடியில் செடி அவரை, கார்த்திகையில் முட்டைக்கோஸும் கொத்தமல்லியும். மற்ற மூன்று பாத்திகளும் இதே வரிசையில், ஒவ்வொரு வருடம் முன்பின்னாக. எந்த ஆடியிலும் கத்தரிக் குடும்பம் ஒரு பாத்தியில் மட்டும் இருக்கும். தைப் பட்டத்திலும் தக்காளி வேண்டும் என்றால் இரண்டு வருடத் தொலைவில் உள்ள பாத்தியில் நடலாம். அப்போது ஓய்வு பாதியாகக் குறையும் என்று தெரிந்தே நட வேண்டும். பந்தல் முனையில் பாகலும் புடலையும் ஒவ்வொரு வருடமும் குழியைச் சில அடி தள்ளிப் போடுவதோடு சரி. பந்தலை நகர்த்த முடியாது.

நாலாம் வருடத்தின் சித்திரையில் பாத்தி வெறுமையாக இருக்கும். அதை நிரப்பத் தோன்றும் ஆசையை அடக்கினால் சூரியனே வேலை செய்யும். மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, நன்றாக நனைத்து, நிறமற்ற மெல்லிய பாலிதீன் தாளால் இறுக மூடி, ஓரங்களில் மண் அணைத்து நாலு முதல் ஆறு வாரம் விட வேண்டும். இஸ்ரேலின் காட்டானும் உடனிருந்தோரும் 1976இல் வெளியிட்ட முறை இது. கறுப்புத் தாள் கூடாது, அது தானே சூடாகி நின்றுவிடும். நிறமற்ற தாள்தான் வெயிலை மண்வரை அனுப்பி வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும். ஈரம் இல்லாமல் மூடினாலும் பயன் குறைவு. ஈரத்தில்தான் வெப்பம் கீழே இறங்கும், உறங்கும் வித்துகளும் விழித்துச் சாகும். களை விதை, நூற்புழு, பல பூஞ்சைகள் மேல்மண்ணில் வெகுவாகக் குறையும். ரால்ஸ்டோனியா ஆழத்தில் தப்பிவிடக்கூடும். 48 சதுர அடிக்கு ஆறு வாரம் என்றால் 2,000 சதுர அடி நாளைச் சற்றே தாண்டும் செலவு. அடுத்த ஆடியில் அதே பாத்திக்குத்தான் கத்தரி திரும்பி வருகிறது. தாளை எடுத்தபின் ஆழமாகக் கொத்தக் கூடாது. கீழ்மண் மேலே வந்தால் கிருமியும் களை விதையும் கூடவே வரும். நாற்று நடும் குழியை மட்டும் தோண்டி, எருவை அதிலேயே இட்டு நட வேண்டும்.